அளவறிந்து உண்ணல்: கோசல மன்னன் கற்ற பாடம்

பௌத்த நெறியை ஏற்ற இல்லறத்தார் பலர் நம் சங்கக் கூட்டங்களில் எழுப்பும் வினா ஒன்று உண்டு. "மருத்துவர் உடல் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். நாமும் நாள்தோறும் அளவாக உண்டு வருகிறோம். ஆனால் வைசாகப் பூர்ணிமை வருகிறது, திருமணம் வருகிறது, உறவினர் வீட்டில் இலை போடுகிறார்கள். அன்று உண்டுவிட்டால் அதுவரை செய்த முயற்சி வீண்தானே?" என்பதே அவ்வினா. இது வெறும் சமையலறைக் கேள்வி அன்று. தவறியபின் மனம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் அறக்கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே இம்மாதப் பாடமாக இதனையே எடுத்துக்கொள்வோம்.

பாடத்தின் மூலம்

சம்யுத்த நிகாயத்தின் கோசலப் பகுதியில் ஒரு சிறிய சூத்திரம் இருக்கிறது. கோசல நாட்டு மன்னன் பசேனதி ஒரு தோண அளவு அரிசிச் சோற்றை உண்ணும் வழக்கமுடையவன். ஒருநாள் உண்டு முடித்து, பெருமூச்சு வாங்கிக்கொண்டே சாவத்தியில் பகவானிடம் வந்து அமர்ந்தான். பகவான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உணவை விடுக என்றும் கூறவில்லை. நினைவோடிருந்து, கிடைத்த உணவில் அளவறிபவனுக்கு உடல் துன்பம் குறையும், முதுமை மெல்ல வரும் என்னும் கருத்தமைந்த ஒரு பாடலை மட்டும் மொழிந்தார்.

மன்னன் பின்னால் சுதஸ்ஸனன் என்னும் பிராமண இளைஞன் நின்றிருந்தான். "இப்பாடலைக் கற்றுக்கொண்டு, எனக்கு உணவு கொண்டுவரும்போதெல்லாம் சொல், நாள்தோறும் நூறு கஹாபணம் தருகிறேன்" என்று மன்னன் அவனைப் பணித்தான். அவனும் அவ்வாறே செய்தான். மன்னனின் உணவு படிப்படியாகக் குறைந்து, ஒரு நாழி அளவில் வந்து நின்றது. பாலி அளவு முறையில் நான்கு நாழி ஓர் ஆழகம். நான்கு ஆழகம் ஒரு தோணம். அதாவது பதினாறில் ஒரு பங்காக உணவு சுருங்கிற்று. பின்னொருநாள் மெலிந்த தன் உடலைக் கையால் தடவிப் பார்த்து, இம்மைக்கும் மறுமைக்கும் பகவான் தனக்கு நன்மை செய்தார் என்று மன்னன் மகிழ்ந்தான்.

உரையாசிரியர்கள் இக்கதைக்கு ஓர் அரிய விவரத்தைச் சேர்த்திருக்கிறார்கள். உணவின் தொடக்கத்தில் பாடலைச் சொல்லாதே. மன்னன் கடைசிக் கவளத்தை எடுக்கும்போது சொல் என்று பகவான் இளைஞனுக்கு அறிவுறுத்தினாராம். அதைக் கேட்டு மன்னன் அக்கவளத்தை விட்டுவிடுவான். அதிலிருந்த பருக்கைகளை எண்ணி, மறுவேளை அவ்வளவு அரிசியைக் குறைத்துச் சமைக்க வேண்டும்.

இக்கதை உணர்த்தும் நான்கு உண்மைகள்

முதலாவது, மன்னன் உணவை ஒரே நாளில் துறக்கவில்லை. ஒரு கவளம், பிறகு ஒரு கவளம் என்று குறைத்தான். ஒரே நாளில் ஒரு நாழிக்கு வந்திருந்தால், மறுநாளே தோணத்திற்குத் திரும்பியிருப்பான்.

இரண்டாவது, குறைப்பு இலையில் மட்டும் நிகழவில்லை, உலையில் நிகழ்ந்தது. சமைத்துவிட்ட சோற்றை வேண்டாம் என்பது கடினம். மிஞ்சியதை வீணாக்கலாகாது என்று கடைசியில் உண்ணும் இல்லத்தரசியருக்கு இது நன்கு தெரியும். பானையில் இடும் அரிசியை அளந்து இட்டால் பாதிப் போராட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, நினைவூட்ட ஒருவர் இருந்தார். ஆனால் அவரை அமர்த்தியவன் மன்னனே. கேளாமல் வந்து பிறர் இலையைப் பார்த்து, "உனக்கு ஏன் இன்னொரு லட்டு?" என்று சபையில் கேட்பவர் கல்யாண மித்திரர் ஆகார். கணவனோ மனைவியோ நண்பரோ, நாம் வேண்டிக்கொண்டபடி, தனிமையில், கனிவோடு நினைவூட்டுபவரே சுதஸ்ஸனர்.

நான்காவது, விழிப்பு கடைசிக் கவளத்தில் வைக்கப்பட்டது. முதற்கவளம் பசிக்கு உரியது. கடைசிக் கவளம் பெரும்பாலும் ஆசைக்கு உரியது. இன்னும் நான்கைந்து கவளம் உண்ண இடமிருக்கும்போதே நிறுத்தி நீர் அருந்த வேண்டும் என்று சாரிபுத்த தேரர் பிக்குகளுக்குச் சொன்னதும் இக்கருத்தே.

உணவு பாவம் அன்று

நம்மில் பலர் பழைய விரதங்களையும் நேர்த்திக்கடன்களையும் விட்டு வந்தவர்கள். உடலை வாட்டினால் புண்ணியம் என்னும் எண்ணத்தை மறுவடிவில் மீண்டும் உள்ளே விடலாகாது. போதிசத்துவர் ஆறாண்டுக் கடுந்தவத்தில் எலும்பும் தோலுமாகி, அது வழியன்று என்று கண்டு, திட உணவை ஏற்றார். அதைக் கண்ட ஐந்து தவசிகள் அவர் சுகபோகத்திற்குத் திரும்பிவிட்டார் என்று விலகிச் சென்றனர். சுஜாதை அளித்த பாற்சோற்றை உண்ட பின்னரே அவர் போதி மரத்தடியில் அமர்ந்தார் என்பதைப் பூர்ணிமைதோறும் பாயசம் காய்ச்சி நாம் நினைவுகூர்கிறோம்.

மணிமேகலைக் காப்பியமும் அமுதசுரபியைக் கொண்டு பசியாற்றுதலையே பேரறமாகக் காட்டுகிறது. நம் பாட்டன்மார் பலர் அரைவயிற்றுக் கஞ்சியோடு சுரங்கத்திலும் ஆலையிலும் வயலிலும் உழைத்தவர்கள். நிறைந்த இலை அவர்களுக்கு மானத்தின் அடையாளம். ஆதலால் விருந்தில் இனிப்பை வைத்து, "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தும் முதியவரின் கையில் இருப்பது அன்பே. அவ்வன்பை இகழ்ந்து உடலைக் காக்க வேண்டியதில்லை.

எனினும் காலம் மாறிவிட்டது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செண்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 செண்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அன்று குறைவுணவு நம்மை வருத்தியது. இன்று மிகையுணவு வருத்துகிறது. மத்திம மார்க்கம் இரண்டிற்கும் மருந்து.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாயசம் அளவைப் பற்றியது. மது சீலத்தைப் பற்றியது. ஐந்தாம் சீலத்தை ஏற்றவர்க்கும், 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளை ஏற்றவர்க்கும் "எப்போதாவது ஒருநாள்" என்னும் சலுகை மதுவுக்குப் பொருந்தாது.

கணக்கு என்ன சொல்கிறது?

அச்சத்தை நீக்கக் கணக்கு உதவும். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாக வேண்டும். ஒரு விருந்தில் வழக்கத்தைவிட 1,000 கலோரி கூடுதலாக உண்டாலும் சேரக்கூடிய கொழுப்பு சுமார் 130 கிராமே. மறுநாள் காலை எடைக் கருவி ஒரு கிலோ கூடக் காட்டினால், அதில் பெரும்பகுதி நீரும் செரித்துக்கொண்டிருக்கும் உணவுமே. மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீரையும் சேர்த்து வைக்கிறது; உப்பும் நீரைப் பிடித்து வைக்கிறது. சில நாளில் அந்நீர் தானே இறங்கும்.

ஒருவர் நாள்தோறும் தேவையைவிட 500 கலோரி குறைத்து உண்பதாகக் கொள்வோம். ஆறு நாளில் 3,000 குறையும். ஏழாம் நாள் விருந்தில் தேவைக்கு மேல் 1,000 கூடினாலும் 2,000 குறைவு எஞ்சியிருக்கிறது. ஆனால் வாரத்தில் மூன்று விருந்து என்றால், நான்கு நாளில் குறைத்தது 2,000. மூன்று நாளில் கூட்டியது 3,000. எடை ஏறும். ஆகவே "எப்போதாவது" என்னும் சொல்லை நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். அலுவலகப் பிறந்தநாள் இனிப்பும், மாலைப் பஜ்ஜியும், ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியும் தனித்தனியே அரிதாகத் தோன்றும். சேர்த்தெண்ணினால் அன்றாட வழக்கமாக இருக்கும்.

இரண்டாவது அம்பு

உண்மையில் நம்மைக் கெடுப்பது விருந்து அன்று. விருந்துக்குப் பின் எழும் மனநிலை. சல்ல சூத்திரத்தில் பகவான் இரண்டு அம்புகளைப் பற்றிக் கூறுகிறார். கல்லாத மனிதன் உடல் துன்பம் என்னும் ஓர் அம்பு தைத்தவுடன், வருந்திப் புலம்பி, மனத்துன்பம் என்னும் இரண்டாவது அம்பையும் தைத்துக்கொள்கிறான். அச்சூத்திரம் மேலும் ஒன்று சொல்கிறது: துன்பத்திலிருந்து விடுபட வேறு வழி அறியாததால் அவன் புலனின்பத்தையே நாடுகிறான்.

விருந்துண்டவர் நிலையை இதனோடு ஒப்பிடுக. இரண்டு ஜிலேபி உண்டது நிகழ்ச்சி. "நான் உறுதியற்றவன், எல்லாம் கெட்டது" என்பது இரண்டாம் அம்பு. அவ்வலியை ஆற்ற அவர் மீண்டும் இனிப்பையே நாடுகிறார். "இன்று கெட்டது கெட்டதுதான், நாளை பார்ப்போம்" என்று இரவிலும் உண்கிறார். 1975ஆம் ஆண்டில் ஹெர்மன், மேக் என்னும் உளவியலார் இருவர் வெளியிட்ட சோதனையும் இதனைக் காட்டியது. முதலில் இனிப்பான பால் பானம் அருந்தச் செய்து, பிறகு விரும்பிய அளவு ஐஸ்கிரீம் உண்ணச் சொன்னபோது, உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் பானம் அருந்தாதபோது உண்டதைவிட அருந்தியபின் அதிகம் உண்டனர். கட்டு ஒருமுறை அவிழ்ந்ததும் முழுதும் விட்டுவிட்டனர்.

இதற்கு மாற்று நம் விநயத்திலேயே இருக்கிறது. தவறைத் தவறென்று கண்டு, முறைப்படி ஒப்பி, இனிக் காத்துக்கொள்வதே ஆரிய விநயத்தில் வளர்ச்சி என்று பகவான் கூறினார். இதில் மூன்றே படிகள் உள்ளன: காணுதல், ஒப்புதல், காத்தல். தன்னைத் திட்டுதல் என்னும் படி அங்கே இல்லை.

நடைமுறை

விருந்துக்கு முன்: காலை உணவை விட்டுப் பட்டினியோடு செல்ல வேண்டா. கடும்பசியில் விழிப்பு நிற்பதில்லை. வழக்கமான எளிய உணவை உண்டு செல்க.

விருந்தில்: அன்றைக்கே உரிய பொருளைத் தேர்ந்து உண்க. என்றும் கிடைக்கும் அப்பளத்தையும் வறுவலையும் விட்டு, அன்பினால் ஆக்கிய பாயசத்தை ஒரு கிண்ணம் நினைவோடு சுவைத்து உண்ணலாம். உணவு விளையாட்டிற்கோ செருக்கிற்கோ அழகிற்கோ அன்று, உடலைத் தாங்கி அறம் செய்வதற்கே என்னும் பிரதிபலிப்பை மனத்தில் ஒருமுறை எண்ணுக. இது கொழுப்பதற்காக உண்பதை மட்டும் தடுப்பதன்று. பிறர் மெச்சும் மெல்லுடலுக்காகப் பட்டினி கிடப்பதையும் தடுக்கிறது. வற்புறுத்துவோரிடம், "மிக நன்றாக இருந்தது, வயிறு நிறைந்தது" என்று கைகூப்பினால் போதும்.

மறுநாள்: ஈடுகட்டப் பட்டினி வேண்டா. வழக்கமான உணவுக்கு அடுத்த வேளையிலேயே திரும்புக. எடையை விருந்தின் மறுநாளில் பாராது, வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் பார்க்கவும்.

உபோசதம் பற்றியும் ஒரு சொல். நண்பகலுக்குப் பின் உண்ணாமை எட்டுச் சீலங்களுள் ஒன்று. அது மனத்தூய்மைக்கான பயிற்சி; நேற்றைய விருந்துக்குத் தண்டனை அன்று. நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவை விடலாகாது. சர்க்கரை அளவுக்குமேல் தாழ்ந்தால் உயிருக்கே இடர் நேரும்.

வாசிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு

1. பகவான் மன்னனைக் கடிந்துகொள்ளாதது ஏன்?
2. கடந்த மாதத்தில் "எப்போதாவது" என்று நாம் உண்டவை எத்தனை முறை?
3. நம் இல்லத்தில் சுதஸ்ஸனராக யாரை வேண்டிக்கொள்ளலாம்? அவர் எவ்வாறு நினைவூட்ட வேண்டும்?
4. சங்க விழாக்களின் பந்தியில் அளவாக உண்பவர்க்கும் இடமளிக்க நாம் என்ன செய்யலாம்?

பசேனதி துறவி அல்லன். அரசும் அந்தப்புரமும் விருந்தும் சூழ வாழ்ந்த இல்லறத்தான். அவனுக்கு இயன்றது நமக்கும் இயலும். அவனும் எந்நாளும் தவறாமல் நடந்தான் என்று சூத்திரம் கூறவில்லை. படிப்படியாக வந்து சேர்ந்தான் என்றே கூறுகிறது. ஆதலின் உபாசக உபாசிகைகளே, வரும் விழாவில் மகிழ்ந்து உண்போம். கடைசிக் கவளத்தில் விழித்திருப்போம். மறுவேளை உலையில் ஒரு பிடி குறைத்து இடுவோம்.