நூலும் நூற்பலகையும்

செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல், திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற பழம்பதி. அத்தகைய பதிகளில் கோயில் எழுப்பிய தச்சர்கள் கண்ணை மட்டும் நம்பினாரல்லர். நூல் பிடித்தே வேலை செய்தனர். தச்சரின் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோலக் கற்கும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்பது நன்னூலார் கருத்து. ஆதலின், நூல்களைத் தாங்கும் பலகையைச் சுவரில் பொருத்தவும் நூலே துணையாதல் தகும்.

மாணவர்களே! 300 செ.மீ. அகலமுள்ள சுவரின் நடுவே 120 செ.மீ. நீளமுள்ள பலகையைப் பொருத்துவதாகக் கொள்வோம். எஞ்சும் 180 செ.மீட்டரைப் பாதியாக்கின், இருபுறமும் 90 செ.மீ. விடுதல் வேண்டும். இக்காலத்தில் இணையக் கருவிகள் இக்கணக்கை நொடியிற் செய்து, படமும் வரைந்து காட்டும்.

ஆயினும், உங்கள் வீட்டுத் தரையின் சாய்வை அக்கருவி அறியாது. தரையிலிருந்து இருமுனைக்கும் ஒரே உயரம் அளந்து குறித்தால், தரை சாய்ந்தவாறே பலகையும் சாயும். ஆதலின், ஒளி ஊடுருவும் குழாயில் குமிழியின்றி நீர் நிரப்பி, அதன் இருமுனைகளையும் சுவரோடு சேர்த்துப் பிடியுங்கள். இருபுறமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அவ்விடங்களைக் குறித்து நூலால் இணைத்தால் மட்டக்கோடு கிடைக்கும். பலகைகள் பலவாயின், தூக்குக்குண்டு கட்டிய நூல் அவற்றின் முனைகளைச் செங்குத்தாக நிறுத்த உதவும்.

சாய்ந்த பலகையிலிருந்து நழுவும் பொருள், கீழே விளையாடும் குழந்தைக்கு ஊறு செய்யும். கணக்கு வழிகாட்டும், அதனைச் சுவரில் சரிபார்த்தல் நம் கடமையாகும்.