இரவில் அலகை உரசும் கிளி

கேள்வி: எங்கள் வீட்டு காக்கடீல் கிளி இரவானால் ‘கரகர’வென்று சத்தம் போடுகிறது. ஏதாவது நோயா?
– வாசகி, திருச்சி

பதில்: நோயில்லை, நிம்மதி! தூக்கம் வரும்போது மேலலகையும் கீழலகையும் உரசிக்கொள்ளும் சத்தம் அது. விளக்கை அணைத்துவிடுங்கள்.

நீங்கள் அறையைவிட்டுப் போனதும் கத்துகிறதா? ஆஸ்திரேலியாவில் கூட்டமாக வாழும் இனம் இது. உங்களையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு ‘எங்கே போனாய்?’ என்று கேட்கிறது. சமையலறையிலிருந்தே ஒரு விசில் கொடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அதட்டினால் அதையும் பதிலாக எடுத்துக்கொண்டு மேலும் கத்தும். (பிள்ளைகளும் அப்படித்தானே!)

பாம்புபோல் சீறினால் பயந்திருக்கிறது. கையை நீட்டினால் கடிதான். மூச்சுவிடும்போது ‘டிக் டிக்’கென்று கேட்டு, வாலும் மேலும் கீழும் ஆடினால் அன்றே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.