ஐந்தாவது ஆள் நீங்கள்தான்!

முதுகுத்தண்டில் அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தவர் வீட்டுக்கு முதல் சில மாதங்கள் உறவுக்கூட்டம் வந்தபடி இருக்கும். ஆப்பிள், சத்துமாவு, ஆறுதல்... எல்லாம் வரும். பிறகு? கட்டில், ஜன்னல், டி.வி. அவ்வளவுதான்!

காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் தென்னை, பாக்கு மரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக் விபத்தில் சிக்கியவர்கள் எண்ணெய்க்காக என்னிடம் வருவதுண்டு. "வைத்தியருங்க, பையன் எந்திரிச்சு நடப்பானுங்களா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். முழுதாக அறுபட்ட தண்டுவடத்தை எந்தத் தைலமும், எந்த வர்ம சிகிச்சையும் ஒட்ட வைக்காது. இதைச் சொல்ல நான் தயங்குவதில்லை. அடுத்து, "அவனை விளையாட அனுப்புங்க" என்பேன். கேலி பண்ணுகிறேனோ என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

கேலியில்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர், போரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு விளையாட்டையே சிகிச்சையாகக் கொடுத்தார். 1948 ஜூலை 29-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், அங்கே 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். இன்றைய பாராலிம்பிக்ஸுக்கு அதுதான் வித்து. நம் நாட்டின் முரளிகாந்த் பேட்கர், 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர், 1972-ல் ஹைடல்பர்க்கில் நீச்சலில் தங்கம் வாங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது சக்கர நாற்காலி கூடைப்பந்து. கூடையின் உயரம் அதே பத்து அடி. சலுகை கிடையாது! ஆனால் ஒரு விதி இருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு வீரருக்கும் உடல் இயக்கத்தைப் பொறுத்து 1 முதல் 4.5 வரை புள்ளி. இடுப்புக்கு மேலேயும் பிடிமானம் இல்லாதவருக்கு 1. சர்வதேசப் போட்டியில் களத்தில் உள்ள ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக்கூடாது. மூன்று பேர் நாலு நாலு என்றால் பன்னிரண்டு ஆயிற்று. மீதி இரண்டு பேர்? ஒன்று, ஒன்று! அதாவது, யாரை "இவனால் ஒண்ணும் ஆகாது" என்று மூலையில் உட்கார வைத்தோமோ, அவர் இல்லாமல் அணியே இறங்க முடியாது. நாற்காலியால் எதிராளியை மறித்து, தன் ஆளுக்கு வழி விடுவது அவர் வேலை. மற்றவர்கள் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். "சீக்கிரம் வாடா" என்று திட்டுகிறார்கள். அந்தத் திட்டுக்கு ஈடான லேகியம் என்னிடம் கிடையாது.

வீட்டில் நாம் செய்வது என்ன? "கண்ணு, நீ ஏன் சிரமப்படறே, நான் தள்றேன்." பாசம்தான். ஆனால் இருபத்தைந்து வயசு ஆணை மறுபடி குழந்தையாக்கும் பாசம்.

சரி, உடம்பு விஷயத்துக்கு வருவோம். உணர்ச்சி இல்லாத இடத்தில் ஒற்றடம், வேது கூடவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும்! தோள்பட்டைதான் இனி அவருக்குக் கால். தொக்கணம், எண்ணெய் எல்லாம் அங்கே போகட்டும். பதினைந்து, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கையூன்றிப் பிட்டத்தைத் தூக்க வேண்டும். முடியாதவர் முன்னே சாய்ந்தாவது அழுத்தத்தை மாற்ற வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண். சிறுநீர்த் தொந்தரவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள், கிருமித்தொற்று வரும். கழுத்துப் பகுதியில் அடிபட்டவர்களுக்கு வியர்க்காது, ஆகவே வெயிலில் ஆடும்போது ஈரத்துணி அவசியம். நெஞ்சின் மேல்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல் வந்தால் நிமிர்ந்து உட்கார வைத்து, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் எகிறும் அவசர நிலை அது. உடனே ஆஸ்பத்திரிக்குத்தான், என்னிடம் அல்ல.

புண் இருந்தால் ஆறிய பிறகே ஆட்டம். எலும்பு மருத்துவரின் அனுமதியும் வேண்டும். கோவையிலேயே முதுகுத்தண்டு காயத்துக்கான மறுவாழ்வு மையங்கள் உண்டு. அங்கேயும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். குழந்தையிலேயே போலியோ தாக்கிய மாதவி லதா, சென்னையில் வங்கிப் பணியில் இருந்தபடியே நீச்சல் பழகி, பிறகு இந்தியாவில் இந்தக் கூடைப்பந்தை வளர்க்கக் கூட்டமைப்பே தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் அணிகள் உண்டு.

கூட்டிப் போகிற முதல் நாள், பந்து உருண்டு போனால் நீங்கள் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்காதீர்கள். பந்தைச் சக்கரத்தோடு அணைத்துப் பிடித்தால், சக்கரம் சுழலும்போது அதுவே மடிக்கு ஏறி வரும். முதல் நாளே அதைச் சொல்லித் தந்துவிடுவார்கள்.