ஏரியும் ஊரும்

மந்தைகள் மேய்ந்த வெளியே மந்தைவெளி எனப் பெயர் பெற்றது. மேய்ச்சல் நிலத்தை அடுத்து நீர்நிலை இருத்தல் இயல்பு. அதற்கு மேற்கே, நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை நெடிய ஏரி ஒன்று பரந்து கிடந்தது. 1920-களில் அதன் ஒரு பகுதி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. பின்னர் எஞ்சியதும் மறைந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்னும் பெயரே இன்று சான்றாக நிற்கின்றது.

2015-இல் சென்னை வீதிகளில் வெள்ளம் புகுந்தது. 2019-இலோ மக்கள் குடங்களுடன் நீருக்குக் காத்து நின்றனர். மிகுதியும் குறைவும் ஒரே ஊரை வருத்தியதற்கு, வந்த நீரைத் தேக்க இடம் குன்றியதும் ஒரு காரணமாகும்.

வரத்துக்கால் ஏரிக்கு நீரைக் கொணரும். கரை அதனைத் தாங்கும். மதகு அளந்து விடும். கலிங்கு மிகைநீரை வெளியேற்றும். வண்டல் படியப் படியக் கொள்ளளவு குறையும். ஆதலின் தூர் வாருதல் இன்றியமையாதது. ஆயினும், கரையோரத்து நாணலும் கோரையும் நீரின் அழுக்கைக் குறைப்பன. மீனுக்கும் பறவைக்கும் புகலிடமாவன. அவற்றை அடியோடு களைதல் தகாது.

சீர்கெட்ட நீர்நிலையை ஓரளவு மீட்டலும் இயலும். மந்தைவெளியை அடுத்த அடையாற்று உப்பங்கழியில் குவிந்து கிடந்த குப்பையும் இடிபாடும் அகற்றப்பட்டன. அங்கு 58 ஏக்கரில் 2011-இல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. அலையாத்தி மரங்கள் தழைத்தன, பறவைகள் மீண்டன. வீடுகள் எழுந்துவிட்ட ஏரி மீளாது. எஞ்சிய நீர்நிலைகளைக் காத்தல் இன்றுள்ளோர் கடனாகும்.