குர்பானிக் கத்தியைத் தீட்டும் முறை

சென்ற பெருநாளில் மழுங்கிய கத்தியால் ஓர் ஆடு பட்ட வேதனையை நாமே பார்த்தோம். கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

கொல்லர் பட்டறைக் கத்தியின் வாய் உடைந்திருந்தால் முதலில் அரத்தால் ராவுவோம். தள்ளும்போதுதான் அரம் அறுக்கும். இழுக்கையில் தூக்கிவிட வேண்டும். அவசரத்துக்கு மின்சாரச் சாணையில் அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். தோய்ச்சல் போய்விடும், பிறகு கூர் நிற்காது.

அடுத்து, நனைத்த சொரசொரப்புக் கல்லில் சுமார் 20 டிகிரி சாய்வில், அடியிலிருந்து நுனிவரை தேய்ப்போம். மறுபக்கம் முதுகிலிருந்து வாய் நோக்கி விரலால் தடவினால் பிசிர் தட்டும். தட்டும்வரை பக்கம் மாற்ற வேண்டாம். இருபக்கமும் வந்தபின் நைஸ் கல்லில் மெல்லத் தேய்த்தால் பிசிர் உதிரும். தொங்கும் காகிதத்தைக் கிழிக்காமல் அறுத்தால் சரி. முந்தின நாளே, ஆட்டின் கண்ணில் படாத இடத்தில் இதை முடித்துவிடுவோம்.