சர்வரை இப்போதே மாற்ற வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். 18 கம்ப்யூட்டர்கள். டாலி கணக்கும் வரைபடங்களும் விண்டோஸ் சர்வர் 2016-இல் இருக்கின்றன. 2025 பதிப்புக்கு மாறச் சொல்கிறார் விற்பனையாளர். என்ன எதிர்பார்க்கலாம்?

பதில்: மாறத்தான் வேண்டும். 2016-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஜனவரி 12-உடன் நின்றுவிடும். 2024 நவம்பரில் வெளியான 2025 பதிப்புக்கு அவை 2034 வரை கிடைக்கும்.

வேகத்தை நம்பி வாங்காதீர்கள். டாலி இழுப்பதற்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கும் நெட்வொர்க்கும் காரணமாக இருக்கலாம். முதலில் அவற்றைப் பாருங்கள்.

உங்கள் அளவுக்கு எசென்ஷியல்ஸ் பதிப்பு போதும். 25 பேர், 50 கருவிகள் வரை தனி அணுகல் உரிமம் தேவையில்லை. புது சர்வருடன் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஸ்டாண்டர்டு என்றால் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமம் வாங்க வேண்டும், அணுகல் உரிமம் வேறு.

தலைவலி வருவது பழைய கருவிகளால்தான். புதிய சர்வர் வெளியே தொடர்பு கொள்ளும்போது, கோப்புப் பரிமாற்றத்தில் டிஜிட்டல் கையொப்பம் கேட்கும். அதை அறியாத பழைய பேக்கப் பெட்டியோடு இணைப்பு அறுந்துபோகலாம். 180 நாள் இலவசச் சோதனைப் பதிப்பை உபரி கம்ப்யூட்டரில் போட்டு, எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.

பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்றால், மின்னணுக் கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் சேர வேண்டும் என்பது விதி. மார்ச் கணக்கு முடிப்பின்போது கை வைக்காதீர்கள்; ஆயுத பூஜை விடுமுறை தோதானது.