கேடயம் அப்புறம் ஆகட்டும்

அன்புள்ள வாசகருக்கு,

அவிநாசியில் பாட்டு, வயலின், மிருதங்கம், கீபோர்டு சொல்லித் தருகிறவர்கள் ஒரு சங்கம் தொடங்கி, முதல் வேலையாக மாணவர் போட்டி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சங்கத்தைத் தாராளமாகத் தொடங்குங்கள். போட்டியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

இசை ஆசிரியர்கள் கூடுவது புதிதல்ல. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து டெலவேர் என்ற சிற்றூரில் 1876-இல் தியோடர் பிரெஸ்ஸர் கூட்டிய கூட்டம்தான் அங்கே தேசிய சங்கமாக வளர்ந்தது. நம் சென்னை மியூசிக் அகாடமியும் 1931-இலேயே ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரி திறந்தது. டைகர் வரதாச்சாரியார் அதற்கு முதல்வராக இருந்தார். பாடத் தெரிந்தால் மட்டும் போதாது, சொல்லித் தரவும் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள்.

இன்று நம் பிள்ளைகள் லண்டன் டிரினிட்டி கிரேடு தேர்வு எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தத் தேர்வு மூடிய அறைக்குள், தேர்வாளருக்கும் பிள்ளைக்கும் நடுவே முடிந்துவிடுகிறது. போட்டியில் இன்னொரு கூத்து: தன் பிள்ளை பாடும்வரை செல்போனைத் தூக்கிப் பிடிக்கும் அம்மா, பாடி முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கடைசிப் பிள்ளை வாத்தியாருக்கும் காலி நாற்காலிகளுக்கும் பாடுகிறது.

நம்ம ஊர்ப் பக்கத்துக் கும்மியைப் பாருங்கள். வள்ளி கும்மி வாத்தியார் மாதக்கணக்கில் பழக்கி அரங்கேற்றுவது ஒரு கூட்டத்தை. தாத்தாவும் பேத்தியும் ஒரே வட்டத்தில் அடி வைப்பார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயா அப்படித்தான் பெண்களையும் வட்டத்துக்குள் கொண்டுவந்தார்; 2024-இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. கும்மியில் முதல் பரிசு யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே மாதம் ஒரு ஞாயிறு, ஒவ்வொரு வாத்தியாரிடமிருந்தும் ஓரிரு பிள்ளைகள் மேடையேறட்டும். மதிப்பெண் வேண்டாம். வேறொரு வாத்தியார் கேட்டு, சுருதி எங்கே விலகியது, தாளம் எங்கே ஓடியது என்று இரண்டு வரி எழுதித் தரட்டும். எல்லோரும் பாடி முடியும்வரை எல்லோரும் உட்கார வேண்டும், பெற்றோரும்தான்.

பொதுவாகப் பாட ஒரு பாட்டு வேண்டுமென்றால் வெளியே தேட வேண்டாம். முதலை விழுங்கிய பிள்ளையை மீட்கச் சுந்தரர் இந்த ஊரில் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பண் குறிஞ்சி; ஓதுவார்கள் அதை ஹரிகாம்போதியில் பாடுவார்கள். கீபோர்டு பிள்ளைக்கும் அது எட்டும்: 'சி'யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்து, நிஷாதத்தை மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறக்கினால் அந்த ராகத்தின் சுரங்கள் வந்துவிடும். குழைவை ஓதுவாரிடம் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

இனி யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. இப்படிப்பட்ட சங்கங்கள் பாதியில் நிற்பதற்குப் பணம் காரணமல்ல, பயம்தான் காரணம். "என் பிள்ளையை அவர் இழுத்துக்கொண்டு போய்விட்டால்?" ஒரு பிள்ளையின் மாதக் கட்டணம் என்பது சிறு ஊர் வாத்தியாருக்கு அரிசி, பால் கணக்கு; அந்தப் பயத்தைச் சின்னத்தனம் என்று ஒதுக்காதீர்கள். பழைய வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வராத பிள்ளையை யாரும் சேர்ப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நிர்வாகிகள் தேர்தல், லெட்டர்பேடு எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் கூட்டத்துக்கு ஓதுவாரையும் ஒரு கும்மி வாத்தியாரையும் மறக்காமல் அழையுங்கள். அவர்களும் பாட்டு வாத்தியார்களா என்று யாராவது கேட்டால், கோயிலில் ஒரு நாள் மாலை நின்று கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்